ஒரு கையால் திறக்கிற கத்தி

நெட்டையனைத் தண்ணீரிலிருந்து எடுத்தபோது அவன் வலது கையில் கத்தி இருந்தது. மடக்கியது மடக்கியபடியே இருந்தது. இடது கணுக்காலில் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. துறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கத்தியைப் பையிலிருந்து எடுக்க அவனுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. திறக்க முடியவில்லை.

அந்த வாரமே துறைக் கடையில் இருந்த மடக்குக் கத்தி எல்லாம் தீர்ந்துபோயிற்று. வருஷக்கணக்காக அடுக்களைக் கத்தியை வைத்துக்கொண்டு ஓட்டியவர்கள்கூட வந்து வாங்கினார்கள். உறையில் போடுகிற நீளக் கத்தி யாருக்கும் வேண்டாம். அதன் பிடியிலேயே கயிறு மாட்டி ஒருவன் தோள் கழன்ற கதை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இப்போது ஏழு மாதம் கழித்து, சுருட்டையின் மனைவி அதே கடையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கணவனுக்கு இந்த வருஷத்தில் இது மூன்றாவது கத்தி.

"என்னம்மா, மறுபடியும் கத்தியா? உன் வீட்டுக்காரர் சோத்துக்குத் தொட்டுக்கிட்டுத் திங்கிறாரா?" என்றாள் கடைக்காரம்மா.

"திறக்க மாட்டேங்குதாம். இறுகிப்போச்சாம்."

பழைய கத்தியை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடைக்காரம்மா கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினாள். 'டக்' என்று திறந்தது. மடக்கினாள். மறுபடி தள்ளினாள். நாலு தடவையும் திறந்தது.

"இதுவா இறுகிப்போச்சு?"

"உப்புத் தண்ணி பட்டா இறுகிடுதாம்."

"ஏன், கடல்ல போன மாசம்தான் உப்பு போட்டாங்களா?"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்க வரவில்லை. கூண்டு பழுது பார்க்கிற கொட்டகையில் கம்பி வளைத்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் துருநிறமாக இருந்தன. அந்தக் கூண்டுகளைத்தான் அவள் கணவன் கடலில் இறக்குகிறான். நாற்பது நண்டுக் கூண்டுகள், எல்லாம் ஒரே தாய்க்கயிற்றில் கட்டியவை. முதல் கூண்டைத் தள்ளிவிட்டால் படகு போகிற வேகத்துக்குக் கயிறு தளத்திலிருந்து தானாக ஓடும். அது ஓடும்போது கால் வளையத்துக்குள் இருந்துவிட்டால், அடுத்த கூண்டின் கனம் இழுக்கிற வரைக்கும்தான் நேரம். மூன்று மூச்சு என்பார்கள். சிலர் இரண்டு என்பார்கள்.

கடைக்காரம்மா இரண்டு கத்திகளை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

ஒன்று ஆரஞ்சு நிறப் பிடி. கெட்டியான பிளாஸ்டிக். அலகின் அடிப்பாதியில் பல் வைத்திருந்தது. விரலால் தள்ளித் திறக்க அலகிலேயே பெரிய நீள்வட்ட ஓட்டை. இன்னொன்று சாம்பல் நிற உலோகப் பிடி, மெலிசு. ஓட்டைக்குப் பதில் அலகின் ஓரத்தில் சிறிய குமிழ். கடைக்காரம்மா குமிழை லேசாகத் தொட்டதும் அலகு சத்தமில்லாமல் முழுக்க வந்து நின்றது.

"மடங்குற இடத்துல சின்னச் சின்ன உருட்டுக் குண்டு போட்டிருக்கான். அதான் இப்படி வழுக்கிட்டு வருது. துருவே பிடிக்காது."

"விலை?"

கடைக்காரம்மா சொன்னாள். அந்த விலைக்கு ஆரஞ்சு நாலேகால் வாங்கலாம் என்றாள்.

"அதென்ன நாலேகால்?"

"அஞ்சாவதோட பிடி மட்டும் வரும்."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுல எதும்மா ஆளைக் காப்பாத்தும்?"

கடைக்காரம்மா ஆரஞ்சுக் கத்தியின் பல்லை விரலால் தடவினாள். "ரெண்டும் அறுக்கும். நனைஞ்ச கயிறுன்னா பல்லு வெச்சது இன்னும் வேகமாவே அறுக்கும். ஆனா வாரம் தவறாம துடைச்சு எண்ணெய் போடணும், இல்லன்னா துரு ஏறிடும். அந்தச் சாம்பல்ல கூர் மாசக்கணக்குல நிக்கும். மழுங்கினா வீட்டுல தீட்ட முடியாது, இங்கதான் வரணும்."

"அப்ப எதுக்கு அவ்வளவு விலை?"

"நல்லா செஞ்சிருக்கான். கையில வெச்சிருந்தா ஒரு சொகம். கடல்ல விழப்போறவனுக்கு அந்தச் சொகம் எதுக்குன்னு என்னையே கேட்டா நான் கடை நடத்துறது எப்படி?"

"நெட்டையனோடது இங்க வாங்கினதுதானே?"

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "இங்கதான். போலீஸ்ல கொண்டாந்து காட்டினாங்க, கோளாறு ஏதாச்சும் இருக்கான்னு. நான்தான் திறந்து காட்டினேன்."

"திறந்துச்சா?"

"இப்ப உன் வீட்டுக்காரர் கத்தி திறந்துச்சே, அதே மாதிரி திறந்துச்சு."

வெளியே ஒரு வண்டி பின்வாங்குகிற சத்தம் கேட்டது. கடைக்காரம்மா இரண்டு கத்திகளின் கூர்ப்பக்கத்திலும் ஒட்டுத்தாளைச் சுற்றினாள். பெரிய விலைக்கு யாராவது யோசித்தால் அவள் அப்படித்தான் கொடுத்தனுப்புவாள். வீட்டில் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாததை மறுநாள் ஒட்டுத்தாள் பிரியாமல் கொண்டுவந்துவிட வேண்டும்.

"ரெண்டையும் கொண்டு போ. அவர் கையிலயே குடுத்துப் பாரு. கத்தியைக் கடையில பார்க்கக்கூடாது, கையில பார்க்கணும்."

வீடு வருகிற வழியெல்லாம் அவளுக்கு அந்த 'டக்' என்ற சத்தம்தான் கேட்டுக்கொண்டே வந்தது. கோளாறு உள்ள கத்தி என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். கோளாறு இல்லாத கத்தியை என்ன செய்வது?

அவளுடைய அண்ணன் முன்னதாகவே வந்து அடுக்களை மேசையில் உட்கார்ந்திருந்தார். படகு அவருக்கும் அவள் கணவனுக்கும் பொது. அண்ணன் படகு ஓட்டுவார், சுருட்டை தளத்தில் நிற்பான். அண்ணனுக்கு வலது முட்டி மடங்காது. அந்தக் காலை மேசைக்கு வெளியே நீட்டித்தான் உட்கார்வார், போகிற வருகிறவர்கள் தாண்டித்தான் போக வேண்டும். வானொலியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாளை மறுநாள் காற்று வருகிறது. கூண்டுகள் எல்லாம் பாறை மேட்டில் கிடந்தன. அலை எழும்பினால் ஒன்றுகூடத் தேறாது. நாளைக் காலையே எடுத்து ஆழத்தில் மாற்றிப் போட வேண்டும்.

"கொண்டா, கொண்டா," என்று சுருட்டை சாம்பல் நிறக் கத்தியை இடது கையால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "இதுதான் கத்தி. மச்சான், பாருங்க, எப்படி இருக்கு! இது வேணாம்னு சொன்னா பாவம்."

"பாவம் என் பாக்கெட்டுக்கு," என்றார் அண்ணன். "கத்தி நல்லாத்தான் இருக்கும், கடையில. கடையில கை காஞ்சிருக்கும். கடல்ல காஞ்சா இருக்கு? அந்த வாளியைக் கொண்டா."

மீன் கிடங்கிலிருந்து ஒரு வாளி ஐஸ் கொண்டுவந்திருந்தார். அதில் தண்ணீரையும் இரண்டு கைப்பிடி உப்பையும் போட்டுக் கலக்கினார். மேசை நனையாமல் இருக்க அவள் பழைய துண்டை நாலாக மடித்து விரித்தாள். அண்ணனின் ஏற்பாடு இதுதான்: ரப்பர் கையுறையோடு கையை மணிக்கட்டு வரை வாளிக்குள் விட வேண்டும், இருநூறு எண்ண வேண்டும், எடுத்ததும் ஒரே கையால் கத்தியைத் திறக்க வேண்டும்.

அவரே முதலில் கையை விட்டார். நூறு தாண்டியதும் பல்லைக் கடித்தார். நூற்றி முப்பதில் கெட்ட வார்த்தை வந்தது. "தங்கச்சி, காதைப் பொத்திக்கோ," என்றார். நூற்றி அறுபதில் கையை உருவிவிட்டார். ஆரஞ்சுக் கத்தி முதல் தள்ளிலேயே திறந்தது. சாம்பல் கத்தியின் குமிழில் கையுறை இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறை திறந்தது.

"பார்த்தியா? ஓட்டைன்னா விரலுக்குத் தெரியுது. இந்தக் கடுகை எங்க போய்த் தேடுறது?"

"பழகினா சரியாயிடும் மச்சான். அதுல குண்டு இருக்கு. உதறினாலே வந்துடும்."

"நீ உதறு பார்ப்போம்."

"டீ ஆறிடும்," என்று சுருட்டை டம்ளரை எடுத்தான்.

அவளும் கையை விட்டுப் பார்த்தாள். குளிர் எலும்பு வரைக்கும் ஏறி, விரல் நுனிகள் பழுக்கக் காய்ச்சியதைத் தொட்டது போல எரிந்தன. நூற்றி ஐம்பதுக்கு மேல் முடியவில்லை. ஆரஞ்சு அவளுக்கும் ஒரே தள்ளில் வந்தது. நடுங்குகிற கையால் சாம்பல் கத்தியோடு போராடிக்கொண்டிருந்தபோது அவள் ஒன்றைக் கவனித்தாள். கத்திகள் மேசைக்கு வந்ததிலிருந்து அவற்றைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பவன் அவள் கணவன்தான். ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காதவனும் அவன்தான்.

"இப்ப நீங்க," என்றாள்.

"எனக்கு எதுக்கு? நான் தினம் தினம் அந்தத் தண்ணியிலதான் கிடக்கேன்."

"கத்தி உங்களுக்குத்தானே?"

"விடு மாப்ள, பொண்டாட்டி சொன்னா கையை விட்டுத்தான் ஆகணும்," என்று அண்ணன் வாளியை நகர்த்தினார்.

சுருட்டை கையுறையை மாட்டிக்கொண்டு கையை விட்டான். அண்ணன் எண்ணினார். சுருட்டை காற்றைப் பற்றிப் பேசினான். கிழக்குப் பக்கக் கூண்டுகளை முதலில் எடுத்துவிடலாம் என்றான். அண்ணன் எண்ணிக்கொண்டே தலையாட்டினார். நூறு. நூற்றி ஐம்பது. பக்கத்து வீட்டுக்காரன் நாய் வாங்கியதைப் பற்றிச் சொன்னான். இருநூறு ஆயிற்று. அண்ணன் எண்ணுவதை நிறுத்தினார். சுருட்டையின் கை வாளிக்குள்ளேயே இருந்தது. அந்த நாய் யாரைப் பார்த்துக் குரைத்தது என்பதுவரை வந்திருந்தான்.

"போதும் மாப்ள, எடு."

"ஆயிடுச்சா? இன்னும் குளிரவே இல்லையே."

"எருமைத் தோலுடா உனக்கு!" என்று அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய சொந்த விரல்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

சுருட்டை கையை எடுத்து, சாம்பல் கத்தியை வாங்கிக்கொண்டான். தலை குனிந்து, கட்டைவிரலைப் பார்த்தபடி, ஊசியில் நூல் கோர்ப்பதுபோல அதைக் குமிழுக்குக் கொண்டுபோனான். கத்தி திறந்தது. மெதுவாகத்தான், ஆனால் திறந்தது.

"பார்த்தியா!" என்று நிமிர்ந்தான்.

"கண்ணை மூடிக்கிட்டுத் திறங்க."

"என்னடி இது, கண்ணாமூச்சியா?"

"தண்ணிக்குள்ள கண்ணு தெரியாது. மூடிக்கோங்க."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் வாளியைத் தள்ளி வைத்தார். கையுறை பெரிசு என்று சொல்லி அதைக் கழற்றினான். வெறும் கையில் கத்தியை மடக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

கட்டைவிரல் குமிழுக்கு ஒரு விரல் அகலம் தள்ளி, பிடியின்மேல் தேய்த்தது. மறுபடி தேய்த்தது. கத்தி கைக்குள்ளேயே மெல்லத் திரும்பியது. பிறகு கீழே நழுவி, நாலாக மடித்த துண்டின்மேல் விழுந்தது. சத்தமே வரவில்லை.

சுருட்டை கண்ணை மூடியபடியே இருந்தான். விரல்கள் வளைந்தபடியே இருந்தன. கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருந்தது. ஒன்றுமில்லாத இடத்தை, பல்லைக் கடித்துக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் தள்ளியது.

அண்ணனின் வாய் திறந்திருந்தது. அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு," என்றான் சுருட்டை. "இதுவும் இறுக்கம்தான்."

"கண்ணைத் திறங்க," என்றாள்.

அவன் திறந்து பார்த்தான். காலியான கையைப் பார்த்தான், துண்டின்மேல் கிடந்த கத்தியைப் பார்த்தான். அவள் எட்டி வானொலியை அணைத்தாள்.

"எத்தனை நாளா?"

"மழை ஆரம்பிக்கிறப்ப விரல் நுனி மட்டும்தான் மரத்துச்சு. எல்லாருக்கும் மரக்கிறதுதானேன்னு விட்டுட்டேன். அப்புறம் கட்டைவிரல். இப்ப இந்த ரெண்டு விரலும் சேந்துக்கிச்சு."

"மழை ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு."

"கத்திதான் மோசம்னு நெனச்சேன். சத்தியமாத்தான் சொல்றேன். கத்தியை மாத்தினேன், வரல. மறுபடி மாத்தினேன். நல்ல விலைக்கு ஒண்ணு வாங்கிட்டா சரியாயிடும்னு..." அவன் நிறுத்திக்கொண்டான்.

அண்ணன் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "நான் முன்னாடி பார்த்துக்கிட்டு ஓட்டுறேன். பின்னாடி ஒரு ஆள் இருக்கான், மாட்டினா அறுத்துக்குவான்னு நம்பி ஓட்டுறேன். நாலு மாசம். வாரத்துக்கு மூணு நாள். நாளைக்கு நாப்பது கூண்டு." அவர் குரல் உயர்ந்தது. "பாவி, நான் உன்னைக் கொன்னிருப்பேன்டா! என் கையால கொன்னுட்டு, கரைக்கு வந்து இவ மூஞ்சியில முழிச்சிருப்பேன்!"

"சொன்னா இறக்கி விட்டுடுவீங்க."

"இறக்காம? மாலை போட்டு நிக்கவெச்சிருப்பேனா?"

அவள் கணவனின் கட்டைவிரலைப் பிடித்து நகத்தால் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். அவன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கையில் என்ன நடக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளப் பார்க்கிறவன்போல. நகம் பதிந்த இடத்தில் சிவப்புப் பிறை விழுந்தது.

"நாளன்னைக்கு ஆஸ்பத்திரி," என்றாள். "காத்து அடிக்கிற அன்னைக்கு எப்படியும் வேலை கிடையாது."

"நாளைக்கு?" என்றார் அண்ணன். நாளைக்கு ஆள் கிடைக்காது. காற்று எல்லோருக்கும்தான் வருகிறது, எல்லாப் படகும் கூண்டு எடுக்கத்தான் போகும். "நான் கயித்துக்கிட்ட நிக்கிறேன். மாப்ள ஓட்டட்டும்."

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா? காலை எடுக்கணும்னா உனக்கு ஒரு நாள் முன்னாடியே சொல்லணும். நான் நிக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா படகுல நாலு வருஷம் நின்னவதானே."

"நீ வேணாம்," என்றான் சுருட்டை.

"ஏன்?"

"எனக்குப் பயமா இருக்கு."

"நல்லது. இத்தனை நாள் அதை நான் ஒருத்தியே வெச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் ஆரஞ்சுக் கத்தியை எடுத்து ஒட்டுத்தாளைப் பிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மடக்கித் திறந்து, மடக்கித் திறந்து, எண்ணிக்கை மறந்து போகிற வரை செய்தாள்.

காலையில் துறைக்குப் போகிற வழியில் சாம்பல் கத்தியைத் திருப்பிக் கொடுத்தாள். "விலையா?" என்று கடைக்காரம்மா கேட்டாள். "க்ளவுஸ் போட்டா எனக்கு ஓட்டைதான் கிடைக்குது," என்றாள் அவள். 'எனக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் கடைக்காரம்மா அவள் போட்டிருந்த ரப்பர் கால்சட்டையையும் பூட்ஸையும் அப்போதுதான் பார்த்தாள்.

கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. காற்றுக்கு முந்தின நாள் அப்படித்தான் இருக்கும். வானம் வடகிழக்கில் ஈயம்போலக் கறுத்திருந்தது. பாறை மேட்டில் நாற்பது கூண்டுகளையும் எடுத்துத் தளத்தில் அடுக்க நடுப்பகல் ஆயிற்று. அதுவரை யாரும் அதிகம் பேசவில்லை. ஆழத்துக்கு வந்து படகைத் திருப்பி நிறுத்தியதும் அண்ணன் படகோட்டும் அறைக்குள் தலையை நீட்டி, சக்கரத்தைப் பிடித்திருந்த சுருட்டையிடம் சொன்னார்.

"நேரா ஓட்டணும். திரும்பிப் பார்க்கக்கூடாது. நீ திரும்பினா கை திரும்பும், கை திரும்பினா படகு திரும்பும், கயிறு உள்ளுக்கு வந்து அவ காலைத் தேடும். காதை மட்டும் பின்னாடி வெச்சுக்கோ. ஒவ்வொரு கூண்டு போறப்பவும் 'போச்சு'ன்னு சொல்லுவா. நான் உன் குரலை வெச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்."

"தெரியும் மச்சான்."

"தெரியாது. இன்னைக்குத்தான் தெரியப்போகுது."

முதல் கூண்டு விளிம்பைத் தாண்டி விழுந்தது. கயிறு ஓட ஆரம்பித்தது. பல வருஷம் கழித்து அந்தச் சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் கேட்டாள். புல்லுக்குள் ஏதோ நீளமாக ஊர்ந்துபோவது போன்ற சத்தம். மடக்கிய கத்தியை வலது கைக்குள் வைத்துக்கொண்டாள். பையில் வைக்க மனம் வரவில்லை. அண்ணன் கூண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திக் கொடுத்தார். அவள் முழங்கையாலும் இடுப்பாலும் தள்ளிவிட்டாள்.

"போச்சு!" என்றாள். "போச்சு!"

பத்து போயிற்று. இருபது போயிற்று. பயம் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை. ஒவ்வொரு கூண்டும் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கியது.

இருபத்தேழாவது கூண்டின் வலை அடுத்த கூண்டின் கம்பியில் மாட்டிக்கொண்டது. அவளே கொட்டகையில் வளைத்த கம்பியாக இருக்கலாம். அவள் குனிந்து வலையை உதறினாள். ஒரு அடி முன்னால் வைத்தாள். பூட்ஸின்மேல் ஏதோ மெதுவாக ஊர்வது தெரிந்தது.

கீழே பார்த்தபோது வளையம் கணுக்காலில் இருந்தது.

எப்போது திறந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கத்தி திறந்திருந்தது. ஒரு மூச்சு. அண்ணன் அவளுடைய இடுப்புவாரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். இரண்டு மூச்சு. கால், பூட்ஸ் பாதி உருவியபடி, வளையத்திலிருந்து வெளியே வந்தது. வளையம் வெறும் தளத்தில் சுருங்கி விர்ரென்று பறந்தது. கூண்டு விளிம்பில் இடித்து, மரச்சில்லு தெறிக்க, தண்ணீருக்குள் போயிற்று.

அவளும் அண்ணனும் மீன்பெட்டிமேல் விழுந்து கிடந்தார்கள். அவளுக்கு மூச்சு வந்தது, குரல் வரவில்லை.

'போச்சு' சொல்லாமல் விட்டது அவளுக்கு நினைவுக்கு வருவதற்குள் இயந்திரத்தின் சத்தம் மாறியது. படகு இடப்பக்கமாகச் சாய்ந்து திரும்பத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். சக்கரத்தில் யாரும் இல்லை. சுருட்டை அறைக் கதவில் நின்றுகொண்டிருந்தான். அவளைத்தான் பார்த்தான், ஆனால் பெட்டிமேல் கிடப்பது அவள்தான் என்று இன்னும் அவனுக்குத் தெரியவில்லை. அவன் கண்கள் அவளைத் தாண்டி, படகின் பின்னால் வெள்ளையாகப் போகிற நீர்த்தடத்தில் எதையோ தேடின. படகு போன நாளெல்லாம் அவள் துறையில் நின்று அப்படித்தான் தேடியிருக்கிறாள். அந்த முகத்தை வெளியிலிருந்து பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

ஓடுகிற கயிறு விளிம்பை விட்டு விலகித் தளத்தின் நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணனின் மடங்காத கால் நீண்டு கிடந்த பக்கம்.

"போச்சு!" என்று அலறினாள். "இருபத்தேழு போச்சு! நான் இங்கதான் இருக்கேன், நீங்க முன்னாடி பாருங்க!"

அவன் அசையவில்லை.

"போச்சு!" என்றாள் மறுபடி. எந்தக் கூண்டும் போகவில்லை. "போச்சுங்க, போச்சு, போச்சு!"

மூன்றாவது தடவைதான் அவன் கண் அவளிடம் வந்து சேர்ந்தது. திரும்பிச் சக்கரத்துக்கு ஓடினான். படகு நிமிர்ந்தது. கயிறு மெல்ல விளிம்புக்குப் போயிற்று. அண்ணன் இரண்டு கையாலும் தன் காலைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.

பதின்மூன்று கூண்டுகள் மிச்சம் இருந்தன. அவள் பூட்ஸைச் சரியாக மாட்டிக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள். கத்தியை மடக்கவில்லை. ஒவ்வொரு கூண்டு விழும்போதும், விழுவதற்கு ஒரு கணம் முன்பே, தொண்டை கிழிகிற அளவுக்குக் குரல் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் அறைக்குள்ளிருந்து, முன்னால் பார்த்தபடியே, அவனும் எண்ணைத் திருப்பிச் சொன்னான். நாற்பது வந்ததும் அவள் பேசாமல் நின்றாள். அவன் நாற்பத்தொன்றுக்காகக் காத்திருப்பது அவன் முதுகில் தெரிந்தது.

"முடிஞ்சுதுங்க," என்றாள். "இப்பத் திரும்பிப் பாருங்க."